மாதாமாதம் பதினெட்டு

நான்கு வருடம் ஒரே எண்ணை எழுதிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அந்த எண் 18.

2013-இல் சிவில் என்ஜினீயரிங் முடித்ததும் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பழைய மாமல்லபுரம் சாலையை (ஓ.எம்.ஆர்.) ஒட்டி முளைத்திருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பராமரிப்பது அவர்கள் தொழில். அங்கே எல்லாரும் அதை எஸ்.டி.பி. என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மாதக் கடைசியில் ஒவ்வொரு குடியிருப்போர் சங்கத்துக்கும் ஓர் அறிக்கை போகவேண்டும். வெளியேறும் நீரில் கலங்கி நிற்கும் திடப்பொருள் லிட்டருக்கு 26 மில்லிகிராம், நீரில் எஞ்சிய அழுக்கைச் சுட்டும் பி.ஓ.டி. 18 மில்லிகிராம். அனுமதி ஆணையில் போட்டிருந்த எல்லை முறையே 30, 20. எல்லையைத் தொடாமலும், நம்ப முடியாத அளவுக்குக் கீழே போகாமலும் இருக்கட்டும் என்று எனக்கு முன்னால் யாரோ பார்த்துப் பொறுக்கி வைத்த எண் அது. சென்ற மாதக் கோப்பைத் திறப்பேன், தேதியை மாற்றுவேன், அச்சிடுவேன். என்றைக்காவது மனம் உறுத்தினால் 17 என்று போடுவேன்.

பி.ஓ.டி. என்றால் என்ன என்று அப்போது கேட்டிருந்தால் ‘உயிர்வேதி ஆக்சிஜன் தேவை’ என்று விரித்துச் சொல்லியிருப்பேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இளநிலைப் படிப்பில் சுற்றுச்சூழல் பொறியியல் இரண்டு தாள். இரண்டையும் தேர்வுக்கு முந்தின இரவு புரட்டித் தேறியவன் நான். கான்கிரீட்டும் கம்பியும்தான் சிவில், மற்றதெல்லாம் மதிப்பெண்ணுக்கு என்று எங்கள் வகுப்பே நம்பியது.

2016 ஆகஸ்டில் ஒரு குடியிருப்பில் சங்கக் கூட்டம். எஸ்.டி.பி. பக்கம் நாற்றம் தாங்கவில்லை என்று புகார். நிறுவனத்தின் சார்பில் பதில் சொல்ல என்னை அனுப்பியிருந்தார்கள். பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, எங்கள் அறிக்கைகளை மாதவாரியாக அடுக்கி மடியில் வைத்திருந்தார். “தம்பி, எப்படி மாதாமாதம் 18?” என்றார். நிலையம் சீராக ஓடுகிறது அம்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை. “ஒரே பையன் எல்லாப் பரீட்சையிலும் 72 வாங்கினான் என்றால், திருத்தியவர் தாளைப் பிரித்தே பார்க்கவில்லை என்று அர்த்தம். நான் 31 வருடம் தாள் திருத்தியவள்” என்றார். யாரோ பேச்சை லிஃப்ட் பழுதுக்குத் திருப்பினார்கள். கூட்டம் முடிகிறவரை என் காது சூடாகவே இருந்தது.

அடுத்த மாதம், முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். அந்த அம்மாவின் கேள்விதான் காரணம் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். மூன்று வருடமாகச் சம்பளம் ஏறவில்லை என்பதும் காரணம்.

2017 பிப்ரவரியில் தேர்வு. அந்த வருடம் கோடை கழிந்ததும் சென்னையிலேயே ஒரு கல்லூரியில் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் சேர்ந்தேன். கேட் தேறியவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது மாதாமாதம் வராது, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வந்து விழும். இடைப்பட்ட நாட்களில் விடுதியில் எல்லாரும் எல்லாருக்கும் கடன்காரர்கள். வீட்டில் அம்மா உறவினர்களிடம், ‘நீர்வளம் படிக்கிறான்’ என்று சொல்லி வைத்திருந்தார். மாமாவிடம் அது செல்லுபடியாகவில்லை. “பாலம் கட்டுவான் என்று பார்த்தால் சாக்கடையைப் படிக்கப் போயிருக்கிறானே” என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சத்தமாகச் சொன்னார். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தார்.

வகுப்பில் பதினோரு பேர். சிவில் ஆறு, கெமிக்கல் நான்கு, பயோடெக்னாலஜி ஒன்று. முதல் பருவத்தில் நாங்கள் ஆறு பேரும் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மோல், நார்மாலிட்டி, சமநிலை மாறிலி என்று பிளஸ் டூவோடு தலைமுழுகிய பூதங்கள் எல்லாம் திரும்பி வந்தன. 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட் தயாரிக்க எத்தனை கிராம் நிறுக்க வேண்டும் என்று பயோடெக் பெண்ணிடம்தான் போய் நிற்போம். அவள் சலித்துக்கொள்ளாமல் சொல்லித் தருவாள். பதிலுக்குக் குழாயின் சரிவு, பம்ப்பின் குதிரைத்திறன் எல்லாம் எங்கள் பங்கு.

நான் முதன்முதலாகக் கரைந்த ஆக்சிஜனை அளந்த நாள் நினைவிருக்கிறது. 300 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டி. காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் பிப்பெட் முனை நீருக்குள் அமிழ்ந்திருக்கும்படி விடவேண்டும். மூடியைத் திருகிக் குலுக்கினால் தேநீர்ச் சக்கை மாதிரிப் பழுப்பு வீழ்படிவு திரண்டு இறங்கும். ஆக்சிஜன் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு அமிலம் விட்டால் பழுப்பு கரைந்து தெளிந்த மஞ்சளாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட மஞ்சள் வெளிறும். அப்போது ஸ்டார்ச் இரண்டு துளி, உடனே கருநீலம். இன்னும் சில சொட்டுகளில் அந்த நீலம் சட்டென்று காணாமல் போகும். அந்தக் கணத்தில் பியூரெட்டை மூடவேண்டும். ஒரு சொட்டு முந்தினாலும் பிந்தினாலும் கணக்கு மாறும். இதை நூற்றுக்கணக்கான தடவை செய்த பிறகும் நீலம் மறைகிற நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை.

குழாய்த் தண்ணீரில் பழகிய பின், கூவத்திலிருந்து எடுத்து வந்த நீரில் செய்யச் சொன்னார்கள். இரண்டு மருந்தையும் விட்டுக் குலுக்கினேன். பழுப்பு வரவில்லை. வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு கரைத்தாற்போல ஒன்று இறங்கிப் புட்டியின் அடியில் உட்கார்ந்தது. மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடியும் வெள்ளை. ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “அதில் காற்று கிடையாது சார், அவ்வளவுதான்” என்றார். நதி மாசுபட்டிருக்கிறது என்று பத்திரிகையில் ஆயிரம் முறை படித்தவன்தான். அந்த வெள்ளையைப் பார்த்த மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பி.ஓ.டி. என்பது இந்த அளவையே இரண்டு முறை செய்வதுதான். கழிவுநீரைக் கொஞ்சம் எடுத்து, ஆக்சிஜன் நிறைந்த நீரில் கலந்து, இன்றைக்கு அளந்து, புட்டியை இருட்டில் மூடி வைத்து, சில நாள் கழித்து மறுபடி அளக்கவேண்டும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜனைக் குடித்தன என்பதுதான் விடை. உலகம் முழுவதும் பாடப்புத்தகத்தில் இருப்பது 20 டிகிரியில் 5 நாள். நம் நாட்டுத் தர நிர்ணயம் சொல்வது 27 டிகிரியில் 3 நாள். இந்த மூன்று நாளில் ஒரு நடைமுறைச் சூட்சுமம் இருக்கிறது: வியாழக்கிழமை மாதிரி எடுத்தவன் ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்கு வந்தே ஆகவேண்டும். எங்கள் துறையில் வியாழக்கிழமைகளில் மட்டும் கூவத்துக்குப் போக யாருக்கும் நேரம் இருக்காது.

ஏன் ஐந்து நாள் என்று தேடப் போய்த்தான் என் பழைய அறிக்கையின் பூர்வீகம் எனக்குத் தெரிந்தது. பிரிட்டனில் 1898-இல் கழிவுநீர் அகற்றலுக்காக ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். பல வருடம் உட்கார்ந்து அறிக்கைமேல் அறிக்கையாக எழுதினார்கள். 1912-இல் வந்த எட்டாவது அறிக்கையில்தான் இந்த 20:30 பிறந்தது, பி.ஓ.டி. 20, திடப்பொருள் 30. ஐந்து நாள் என்பதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் காரணம், அந்தத் தீவின் ஆறுகளில் விழுந்த எதுவும் அதற்குள் கடலுக்குப் போய்விடும் என்பது. இன்னொரு நிபந்தனையும் அதனுடன் இருந்தது: கழிவுநீர் போய்ச் சேரும் ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நல்ல தண்ணீர் ஓடவேண்டும்.

எட்டு மடங்கு நல்ல தண்ணீர்! சித்திரை மாதம் கூவத்திலோ அடையாற்றிலோ எட்டு மடங்குக்கு எங்கே போவது? முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கடலுக்கும் வழியில்லை. தேம்ஸுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் தைத்த சட்டையை நாம் அளவெடுக்காமல் மாட்டிக்கொண்டோம். என் மேசையில் நான்கு வருடம் கிடந்த அனுமதி ஆணையின் 20, 30 என்ற இரண்டு எண்களும் நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேய மழையில் நனைந்தவை என்று தெரிந்தபோது, நான் எழுதிய 18-ஐ நினைத்துச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

வெட்கத்தை முழுசாக்கியது இன்னொரு சோதனை. ஒரு ஆய்வகம் பி.ஓ.டி.யை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க, குளுக்கோஸையும் குளுட்டாமிக் அமிலத்தையும் குறிப்பிட்ட அளவில் கலந்த கரைசலைச் சோதிப்பார்கள். விடை 198 வரவேண்டும். கூடவோ குறையவோ 30.5 வரை போனாலும் தவறில்லை. அதாவது கையால் நிறுத்துக் கலந்த சுத்தமான சர்க்கரைக் கரைசலுக்கே 170 என்றாலும் சரி, 225 என்றாலும் சரி. நாங்கள் பதினோரு பேர் ஒரே குடுவையிலிருந்து எடுத்துச் செய்தோம். பதினோரு விடை வந்தது. இரண்டு பேருடையது வரம்புக்கே வெளியே, அதில் ஒன்று என்னுடையது. முந்நூறு வீட்டுக் குளியலறையும் சமையலறையும் சேர்ந்து அனுப்பும் நீர் மாதாமாதம் 18 என்று வந்ததாம்.

பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கழிவுநீரின் உயிரியல். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் செய்ததைத்தான் இன்றைக்கும் நாம் ஓ.எம்.ஆரில் செய்கிறோம். கழிவுநீரில் காற்றை ஊதினால் அது தெளிகிறது என்பது அதற்கு முன்பே தெரியும். ஆனால் வாரக்கணக்கில் ஆகும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு அடியில் படிந்த சேற்றை அவர்கள் கொட்டவில்லை, அதிலேயே அடுத்த கழிவுநீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப அப்படிச் செய்யச் செய்ய வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நம் வீடுகளில் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதேதான். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார் என்று படித்தபோது, பக்கத்து ஊர்க்காரரைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சந்தோஷம்.

உறை ஊற்றுவதை நான் வேலையிலேயே பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாமல். புது எஸ்.டி.பி.யைத் தொடங்கும்போது டிரம் டிரம்மாகச் சாணத்தைக் கரைத்துத் தொட்டியில் விடுவார்கள். ஆள் குடியேறாத கட்டடம் என்றால் நுண்ணுயிருக்குத் தீனியாக வெல்லமும் போடுவார்கள். அதை ஏதோ சடங்கு என்று நினைத்து நான் சிரித்திருக்கிறேன். அங்கே ஆபரேட்டராக இருந்தவர் செய்யாறு பக்கத்துக்காரர், எட்டாவதுவரை படித்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் தம்பி என்பார். காற்றூதும் தொட்டியின் நுரையைப் பார்த்தே நிலவரம் சொல்லிவிடுவார். வெள்ளை நுரை பொங்கினால் சேறு இளசு, இன்னும் வளரவிடவேண்டும். கரும்பழுப்பில் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் முற்றிவிட்டது, கொஞ்சம் வெளியே எடுக்கவேண்டும். எம்.இ. இரண்டாம் பருவத்தில் ‘சேற்றின் வயது’ என்ற தலைப்பில் ஒன்றரை மணி நேர விரிவுரை. பலகை முழுக்கச் சமன்பாடுகள். எழுதி முடித்துப் பார்த்தால், அண்ணன் சொன்னதற்கு மேல் அதில் இருந்தது அளவு ஒன்றுதான். அந்த அளவு சிறிய விஷயம் என்று சொல்லமாட்டேன். எத்தனை கிலோ வெளியே எடுப்பது என்று அவருக்குத் தெரியாது, எனக்கு இப்போது தெரியும்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. சேகரிப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, டீ குடித்து வந்த பிறகுதான் குனிந்து பார்ப்பார். உள்ளே இறங்கச் சொன்னால் வேலையை விட்டுவிடுவேன் என்பார். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கை நெருங்கினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர்கள்தான் சாகிறார்கள். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான சட்டம் 2013-இல் வந்தது. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. எங்கள் இரண்டு வருடப் பாடத்திட்டத்தில் இவை பற்றி ஒரு பாடவேளை கூட இல்லை. சேற்றுக்கு வயது கணக்கிடக் கற்றுக்கொடுத்தவர்கள், தொட்டிக்குள் இறக்கப்படுகிறவன் யார், ஏன் எப்போதும் அதே சாதிகளிலிருந்து வருகிறான் என்று கேட்கச் சொல்லித் தரவில்லை. கேள்வியை நானும் அப்போது எழுப்பவில்லை.

மூன்றாம் பருவத்தில் ஆய்வுத் தலைப்பு தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, நண்பர்கள் நானோ துகள், கிராஃபீன் என்று போனார்கள். நான் பழைய குடியிருப்பின் எஸ்.டி.பி.யையே கேட்டேன்: ஒரு நாளின் 24 மணி நேரத்திலும் அங்கே வரும் கழிவுநீர் எப்படி மாறுகிறது? வழிகாட்டியான பேராசிரியை, “என்னப்பா, இதில் புதிதாக என்ன இருக்கிறது?” என்றார். ஒன்றுமில்லை மேடம், ஒரு தடவையாவது உண்மையாக அளந்து பார்க்கவேண்டும் என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சங்கத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்தவர் அந்த வேதியியல் அம்மா.

2019 மார்ச். சென்னை காய்ந்துகொண்டிருந்த வருடம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் தரைதட்டிக்கொண்டிருந்தன. குடியிருப்பு முழுக்க லாரித் தண்ணீர். ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் ஆறு மணிவரை, மணிக்கு ஒரு மாதிரி. தெர்மாகோல் பெட்டியில் மீன் கடையிலிருந்து வாங்கிய ஐஸ். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டைப் போட்டார்.

ஒரு குடியிருப்பின் நாளை அதன் கழிவுநீரை வைத்தே சொல்லிவிடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஏழு மணிமுதல் ஒன்பது மணிவரை வெள்ளம். சோப்பு நுரையும் மற்றதும். பத்தரைக்குப் பாத்திரம் தேய்க்கிற நேரம், சாம்பார் வாசனை நிஜமாகவே வரும். பதினொன்று, பன்னிரண்டுக்குத் துணி துவைக்கும் இயந்திரங்கள். நீர் சாம்பல் நிறமாகி வெதுவெதுப்பாக வரும். மதியம் ஊர் தூங்கும். இரவு பத்து மணிக்கு இன்னொரு சிறிய அலை. ஒன்று முதல் நான்குவரை குழாயில் நூல் மாதிரி ஓடுவது பெரும்பாலும் யார் வீட்டிலோ ஒழுகும் ஃப்ளஷ் தொட்டியின் சுத்தமான தண்ணீர். “இந்தத் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் தெரியுமா தம்பி” என்று அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஆய்வகத்துக்கு ஓடி 48 புட்டிகளையும் வைத்தேன். புதன்கிழமை திறந்தேன். முதல் புட்டியில் மருந்தை விட்டதும் வெள்ளை. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் வெள்ளை. நள்ளிரவு ஒன்று முதல் நான்குவரை எடுத்தவை மட்டும் பழுப்பு. ஒரு பகல், ஓர் இரவு, மூன்று நாள் காத்திருப்பு எல்லாம் சுண்ணாம்பாகி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

தவறு என்னுடையதுதான். அரசின் கையேட்டுக் கணக்கு இது: ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம், அதாவது 108 லிட்டர், கழிவாக வரும், ஓர் ஆளின் கழிவு 27 கிராம் பி.ஓ.டி.; வகுத்தால் லிட்டருக்கு 250 மில்லிகிராம். அதை வைத்துப் புட்டிக்கு 6 மில்லிலிட்டர் கழிவுநீர் போதும் என்று முடிவுசெய்திருந்தேன். 250-க்கு அது சரி. லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகி மூன்று மிஞ்சியிருக்கும். ஆனால் தண்ணீர் இல்லாத வருடத்தில் மனிதன் குளிக்கிற தண்ணீரைத்தான் குறைக்கமுடியும். 27 கிராம் 27 கிராம்தான். தண்ணீர் பாதியானால் 250 என்பது 500. புட்டியில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமாக இருந்த ஆக்சிஜன் எந்த மூலைக்கு? குடியிருப்பே வாளிக் குளியலுக்கு மாறியிருந்ததை நேரில் பார்த்துக்கொண்டே, சதவீதக் கணக்கை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறேன். மூன்று விதமான நீர்ப்பு, அதாவது கழிவுநீரை நல்ல நீரில் கலக்கும் மூன்று விகிதம், வைத்திருந்தால் தப்பியிருக்கும். புட்டி போதாது என்று சிக்கனம் பிடித்தேன்.

மே மாதம் மறுபடி உட்கார்ந்தேன், இம்முறை மூன்று நீர்ப்புகளோடு, இரண்டு நண்பர்களைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு. அது முடிந்து, சுத்திகரித்து வெளியேறும் நீரையும் ஐந்து வாரம் எடுத்துப் பார்த்தேன். 14, 31, 22, 9, 27 என்று மனம்போல வந்தது. ஒரே ஒரு நாள் 18 வந்தது. அதை மட்டும் நம்பாமல் மூன்று தடவை சரிபார்த்தேன்.

இரண்டாவது இரவில்தான் அண்ணன் அந்த நோட்டை எடுத்தார். நீள அட்டை போட்ட கணக்கு நோட்டு. 2014-லிருந்து தினமும் காலையில் காற்றூதும் தொட்டி நீரை ஒரு லிட்டர் அளவுஜாடியில் பிடித்து, அரை மணி நேரம் கழித்துச் சேறு எத்தனை மில்லிலிட்டரில் படிந்திருக்கிறது என்று எழுதி வைத்திருந்தார். 280. 300. 310. புளோயர் இரண்டு மணி நேரம் இல்லை. 410. மழை. 250. நாங்கள் மாதாமாதம் 18 என்று அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அதே அறையின் அலமாரியில், பழைய கையுறைகளுக்கு அடியில், அத்தனை வருடமும் இது இருந்திருக்கிறது. எதற்காக எழுதினீர்கள் என்றேன். “நாற்றம் அடித்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். என்மேல் தப்பு இல்லை என்று காட்ட ஏதாவது வேண்டாமா?” என்றார்.

நோட்டை ஆய்வேட்டின் நடுவில் வைக்க நினைத்தேன். பேராசிரியை ஒப்புக்கொள்ளவில்லை: ஜாடி சரிபார்க்கப்படவில்லை, நேரம் கடிகாரம் பார்த்து எழுதப்பட்டதா என்று தெரியாது, ஒரே ஆள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு வருடத்துப் பதிவுகளை மட்டும் தட்டச்சு செய்து பின்னிணைப்பாகச் சேர்த்தோம். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, பின்னிணைப்பில்தான் நின்றார். “இது யார் எடுத்தது?” என்றார். சொன்னேன். ம் என்றார். மற்ற கேள்வியெல்லாம் நீர்ப்பைப் பற்றி.

முடிவுகளைக் குடியிருப்போர் சங்கத்துக்கும் கொடுத்தேன். 31 என்ற எண்ணைப் பார்த்துச் செயலாளருக்குக் கோபம். பழைய நிறுவனத்தின் ஒப்பந்தத்தை ரத்து செய்து வேறு ஒன்றைக் கொண்டுவந்தார்கள், கட்டணமும் குறைவு. புது நிறுவனத்தின் முதல் மாத அறிக்கையில் பி.ஓ.டி. 16. வேதியியல் அம்மா அதைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

ஆபரேட்டர் மட்டும் மாறவில்லை. ஆய்வேட்டின் பிரதி ஒன்றை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணாடியைத் தேடி மாட்டினார். முன்னுரை, நன்றியுரை எதையும் பார்க்கவில்லை. பின்னிணைப்பு எங்கே என்று கேட்டு, விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். 2018 நவம்பரில் விரல் நின்றது.

“தம்பி, 7-ஆம் தேதி 260 என்று போட்டிருக்கிறீர்கள்.”

“ஆமாம் அண்ணே.”

“தீபாவளிக்கு மறுநாள் அது. ஊர் எண்ணெயெல்லாம் இங்கே வந்த நாள். 620.”

நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். 620. மேல் வரியில் 6-ஆம் தேதிக்கு 260. தட்டச்சு செய்த இரவில் மேல் வரியையே மறுபடி அடித்திருக்கிறேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 260-ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 620 என்று எழுதினார். “மற்ற புத்தகங்களிலும் மாற்றிவிடுங்கள்” என்றார்.

மற்ற நான்கு பிரதிகளும் அதற்குள் கையை விட்டுப் போயிருந்தன. ஒன்று கல்லூரி நூலகத்தில் இருக்கிறது.